தேய்மானம் என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மாவை முட்டிவலிக்காக ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே குறுகியிருந்த இடத்தைப் பேனா முனையால் காட்டினார். "பாருங்கம்மா, நல்லா தேஞ்சு போச்சு. இனிமே கீழ உட்காராதீங்க, மாடி ஏறாதீங்க, வெயிட் தூக்காதீங்க. வயசாகுதுல்ல, ரெஸ்ட் எடுங்க." வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை, முட்டியில் மாட்ட ஓர் உறை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அம்மாவுக்கு அப்போது 66 வயது.

சொன்னதை அம்மா ஒன்று விடாமல் கேட்டார். நாங்களும் கேட்டோம். மொட்டை மாடியில் துணி காயப்போடும் வேலை என் மனைவிக்கு மாறியது. பூஜை அறைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வாசல் கோலம் நின்றது. கடைக்குப் போவது நின்றது. இரண்டே ஆண்டில் தொடைச் சதை வற்றி, எழுந்திருக்கும்போதெல்லாம் எதையாவது பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார். ஒருநாள் விடிகாலையில் குளியலறையில் தடுமாறி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், கையை விட்டுவிட்டு அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, கையை ஊன்றாம இந்த நாற்காலியிலேருந்து எழுந்திரிங்க பாக்கலாம்" என்றார். அம்மா மூன்று முறை முயன்றார். முடியவில்லை. முட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அம்மாவை விழவைத்தவர்கள் நாங்கள்தான் என்று அன்று எனக்கு உறைத்தது.

அந்த மருத்துவர் சொன்னது அவருடைய தனிக் கருத்து அன்று. ஐம்பதைத் தாண்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள், அக்கம்பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், கல்யாண வீட்டுப் பேச்சைக் கேளுங்கள். ஊரே சொல்வது இதுதான்: மூட்டு ஒரு குறிப்பிட்ட அளவு உழைப்புக்குத்தான் வந்தது, உழைத்துத் தேய்ந்துவிட்டது, மிச்சமிருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். இந்தக் கருத்து தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். இது முதியவர்களை முடமாக்கும் தவறு.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தேய்மானம். டயர் தேயும், செருப்பின் அடி தேயும், அம்மி தேயும். கணக்கு எழுதுகிறவர்கள் இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாம் உயிரில்லாத பொருள்கள். உயிரில்லாத பொருளை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் வரும். உயிருள்ள உறுப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கொத்தனாரின் உள்ளங்கை முப்பது ஆண்டு கல் தூக்கித் தேய்ந்து மறைந்துபோவதில்லை, தடித்துக் காய்த்துப்போகிறது. உடம்பு தன்மேல் விழும் சுமைக்குப் பதில் சொல்லும். மூட்டும் எலும்பும் உடம்பின் பகுதிகளே. "தேய்மானம்" என்று ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் ஒவ்வொரு படியும் ஒரு செலவாகத் தெரிகிறது. அம்மா அப்படித்தான் எண்ணத் தொடங்கினார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும் நடையைக்கூட எண்ணினார்.

மூட்டின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் மூட்டு நீரிலிருந்துதான் அது உணவை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும் விதம் ஈரப் பஞ்சைப் போன்றது: அழுத்தினால் பழைய நீர் வெளியேறும், விட்டால் புதிய நீர் உள்ளே வரும். நடக்கும்போதும், உட்கார்ந்து எழும்போதும், படி ஏறும்போதும் இந்த அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நடக்கின்றன. அசையாத மூட்டில் அது நடப்பதில்லை. தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முட்டிகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சுமை தாங்காத அந்தக் குருத்தெலும்பு மெலிந்துகொண்டே போனது தெரிந்தது. உழைப்பால்தான் தேயும் என்றால், உழைக்காத அந்த முட்டிகள் புதிதுபோல் இருந்திருக்க வேண்டும்.

ஓடுகிறவர்களுக்கு முட்டி போய்விடும் என்பார்கள். உடல்நலத்துக்காக ஓடுகிறவர்கள், பந்தயத்துக்காகவே வாழ்நாளெல்லாம் ஓடுகிறவர்கள், ஓடாதவர்கள் என்று மூன்று தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. இடுப்பு, முட்டி மூட்டுவாதம் பந்தய ஓட்டக்காரர்களில் 13.3 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. உடல்நலத்துக்காக மட்டும் ஓடியவர்களிடம் 3.5 விழுக்காடுதான். மிதமிஞ்சினால் கேடு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பதால் வரும் கேட்டைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

எக்ஸ்ரே படத்தைக் காட்டி மிரட்டும் பழக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், எக்ஸ்ரேயில் மூட்டுவாதம் தெரியாத 710 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 89 விழுக்காட்டினரின் முட்டியில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. முட்டிவலியே இல்லாதவர்களிடமும் இதே நிலைதான். நரைமுடியைப் போல, படத்தில் தெரியும் மாற்றங்களில் பல வயதின் அடையாளங்கள். நரைக்கு யாரும் ஓய்வு எழுதிக் கொடுப்பதில்லை.

எலும்புக்கு வருவோம். சுமைக்கு ஏற்ப எலும்பு தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருக்கும். உணவு ஒன்று, இரத்தம் ஒன்று, வயது ஒன்று. சுமை மட்டுமே வேறு. இதன் மறுபக்கத்தை விண்வெளி காட்டியது. எடையில்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஒன்றரை விழுக்காடு அடர்த்தியை இழந்தது. அவர்கள் நல்ல உடல்நலத்தில், நல்ல உணவோடு, மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். 2008இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கனமான எதிர்ப்பு தரும் பயிற்சிக் கருவி ஒன்று போய்ச் சேர்ந்தது. அதில் முறையாகப் பயிற்சி செய்து, போதிய உணவும் வைட்டமின் டி-யும் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த இழப்பு பெருமளவு கட்டுப்பட்டது. சாய்வு நாற்காலியில் நாள் முழுதும் உட்கார வைக்கப்பட்ட நம் வீட்டு முதியவர்களுக்கு அப்படி ஒரு கருவியும் இல்லை, பயிற்சியும் இல்லை.

கால்சியம் மாத்திரை இருக்கிறதே என்பார்கள். முதியோர் இல்லங்களில் அல்லாமல் வீடுகளில் வாழும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பார்த்தபோது, கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்ததாகத் தெரியவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கும், எலும்பு மெலிவு நோய்க்கு மருந்து எடுக்கிறவர்களுக்கும் அது தேவை. அவர்கள் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் அறிய வேண்டியது இவ்வளவே: கேழ்வரகும் பாலும் முருங்கைக்கீரையும் செங்கல், மணல். வேலைக்கு ஆள் வராத மனையில் செங்கல் கொட்டினால் சுவர் எழும்பாது.

இன்னொரு தரப்பு உண்டு. ஓய்வைச் சொல்லாத தரப்பு. "தினம் அரை மணி நேரம் நடங்க, போதும்" என்பவர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நடை மிக நல்லது, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் எலும்பு விஷயத்தில் நடை போதாது. பழகிய சுமையை எலும்பு கவனிப்பதே இல்லை. 1984இல் ரூபின், லேன்யன் என்ற இரு ஆய்வாளர்கள் பறவையின் சிறகெலும்பில் ஒரு சோதனை செய்தார்கள். சுமையே தராதபோது எலும்பு கரைந்தது. நாளுக்கு 4 முறை மட்டும் சுமை தந்தபோது கரைவது நின்றது. 36 முறை தந்தபோது எலும்பு வளர்ந்தது. 360 முறை, 1800 முறை என்று கூட்டியும் அதற்குமேல் வளரவில்லை. ஒரு சிறு எண்ணிக்கைக்குமேல் எலும்புக்குச் சுமையின் அளவுதான் செய்தி, எண்ணிக்கை அன்று. பத்தாயிரம் அடி எண்ணி நடப்பதைவிட, கனமான ஒன்றைப் பத்து முறை தூக்குவது எலும்பிடம் உரக்கப் பேசும்.

"அறுபது வயசுல வெயிட் தூக்கறதா, இடுப்பு ஒடிஞ்சிடும்" என்ற அலறல் இங்கே எழும். அதற்காகவே ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர் செய்த ஆய்வை விரிவாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற, 58 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே எலும்பு அடர்த்தி குறைந்திருந்த 101 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் "எதையும் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பப்படும் அதே பெண்கள். ஒரு பாதியினர் வீட்டில் இலேசான பயிற்சி செய்தார்கள். மறுபாதியினர் வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் அருகிலிருக்க, தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்கினார்கள், தோளில் சுமந்தபடி தாழ்ந்து எழுந்தார்கள், தலைக்குமேல் உயர்த்தினார்கள், உயரக் கம்பியைப் பிடித்து எம்பி, தரையில் திடமாகக் காலூன்றி இறங்கினார்கள். முதல் மாதம் இலேசாகத் தொடங்கி, பிறகு தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 85 விழுக்காடு வரை போனார்கள். எட்டு மாதம் கழித்து, எடை தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியிருந்தது. இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. இடுப்பு ஒடிந்ததா? ஒரே ஒருவருக்குக் கீழ்முதுகில் சிறு பிடிப்பு வந்தது. அவ்வளவுதான். முடிவுகள் அச்சில் வந்தது 2018இல். இத்தனை ஆண்டாகியும் நம் மருத்துவச் சீட்டுகளில் அதன் நிழல்கூட விழவில்லை.

வயது இதைவிடக் கூடியவர்களா? பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி தந்து 1990இல் முடிவை வெளியிட்டார். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுத் தசைக்கும் கற்றுக்கொள்ளத் தெரிகிறது. நாம்தான் கற்றுக் கொடுப்பதில்லை.

எலும்பின் அடர்த்தி எவ்வளவு இருந்தாலும், விழாதவருக்கு இடுப்போ மணிக்கட்டோ முறிவது அரிது. 23,000க்கும் மேற்பட்ட முதியவர்கள் பங்கேற்ற 108 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டது: உடற்பயிற்சி, விழுவதன் எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. சமநிலைப் பயிற்சியும் அன்றாட அசைவுகளைப் பழகுவதும் இதில் முன்னே நின்றன. வெறும் நடைப்பயிற்சிக்கு அப்படிப்பட்ட உறுதியான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைத் தாண்டியவர்கள் நடையோடு நிறுத்தாமல் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. கீழே உட்கார்ந்து வாழ்ந்த சமூகங்களில்தான் முட்டிவாதம் அதிகமாக இருக்கிறதே? பெய்ஜிங் நகர முதியவர்களிடம் நடந்த ஆய்வில், இளமையில் நாளுக்கு மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முட்டிவாதம் கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. பாரத்தோடு நாள் முழுதும் முழங்காலை மடக்கி வேலை செய்கிறவர்களுக்கும் அப்படியே. அதனால்தான் உரலையும் ஆட்டுக்கல்லையும் காட்டி "அந்தக் காலத்துப் பெண்களைப் பார்" என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அரை வயிற்றுக் கஞ்சியோடு, ஓய்வில்லாமல், பிள்ளை பெற்ற பத்தாம் நாள் உலக்கை பிடித்தவர்களின் பாடு உடற்பயிற்சி ஆகாது. இன்றும் அறுபது வயதில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்ணிடம் போய் எடை தூக்கச் சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும் கூலியும். நான் பேசுவது உட்கார வைக்கப்பட்டவர்களைப் பற்றி. மூன்று மணி நேரம் குந்தியிருப்பதும், தரையில் உட்கார்ந்து எழுவதை நாளுக்குப் பத்து முறை பழகுவதும் ஒன்றாகா. எதைச் செய்தோம் என்பதைவிட எவ்வளவு, எப்படி என்பதுதான் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் கோடு போடுகிறது.

பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோ, 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து, கையையோ முட்டியையோ ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லி மதிப்பெண் போட்டார். 2012இல் வெளியான அந்த ஆய்வில், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறந்த விகிதம், நல்ல மதிப்பெண் பெற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. எழ முடியாமைதான் சாவுக்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது, அது உள்ளேயிருக்கும் பலவீனத்தின் அறிகுறி. அதை அளக்க அவருக்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. நமக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவதே அந்தச் சோதனையாக இருந்தது. டைனிங் டேபிள் வந்தது, கட்டில் வந்தது, வெஸ்டர்ன் டாய்லெட் வந்தது. முடியாதவர்களுக்கு அவை வரம். முடிந்தவர்களிடமிருந்து, நாளுக்கு இருபது முறை தானாக நடந்துகொண்டிருந்த ஒரு பயிற்சியை அவை பறித்துக்கொண்டதை நாம் கவனிக்கவே இல்லை.

இதையெல்லாம் தாண்டி, என்னை மிகவும் வருத்துவது நம் அன்பு. "நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்." "அம்மா, அந்தக் குடத்தை வையுங்க, யாராவது பார்த்தா எங்களை என்ன சொல்லுவாங்க?" பெற்றோரை வேலை செய்ய விட்டால் மகன் கையாலாகாதவன், மருமகள் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து நாம் அவர்களின் கையிலிருந்து பையைப் பிடுங்குகிறோம், தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர்களும் மறுப்பதில்லை. மறுத்தால் பிள்ளைகளின் மனம் நோகுமே. இப்படி இரண்டு பக்கமும் ஒருவர் மனத்தை ஒருவர் காத்துக்கொண்டே ஒரு மனிதரின் தொடையும் இடுப்பும் கரைந்துபோகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நல்ல உடல்நலத்தோடிருந்த, சராசரி 67 வயதான ஒரு சிறு குழுவைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்து நாளுக்கே இப்படி. நாங்கள் அம்மாவை இரண்டு ஆண்டு உட்கார வைத்தோம்.

அம்மாவுக்கு அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்ததில் விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எட்டிலிருந்து பத்து முறை. முதலில் கையை ஊன்றி, சில வாரத்தில் ஊன்றாமல், பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பால் பொங்கும் வரை மேடையோரம் ஒற்றைக் காலில் நிற்பது, விழுந்தால் பிடிக்க இரண்டு விரல் மேடைமேல். கைப்பிடியைப் பற்றிப் படி ஏறுவது. வாரம் மூன்று நாள். எது எளிதாகிவிடுகிறதோ அதில் அரைக் கிலோ கூட்டு, அல்லது இரண்டு முறை கூட்டு என்பார் அவர். கூட்டாத பயிற்சியில் பயன் நின்றுவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வலி வந்தது. முதல் மாதம் நன்றாகவே வந்தது. அவர் ஓர் அளவுகோல் தந்தார்: பத்துக்கு ஐந்துக்குள் இருக்கும் வலி, மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். அடங்காவிட்டால் அடுத்த முறை குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. டென்மார்க்கில் 2013இலிருந்து மூட்டுவாத நோயாளிகளுக்கு நடத்தப்படும் பயிற்சித் திட்டத்திலும் வலியை இப்படித்தான் அளக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும்போதும், புதிய எலும்பு முறிவின்போதும், முடக்குவாதம் முற்றியிருக்கும் நாள்களிலும் இந்தக் கணக்கு செல்லாது, மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு மிகவும் மெலிந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனியும் பயிற்சிகளைத் தாமாகச் செய்யக் கூடாது. முதுகெலும்பு மெலிந்த பெண்களிடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்து 1984இல் வெளியான ஆய்வில், குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கும், முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் புதிய முதுகெலும்பு முறிவு ஏற்பட்டது. யோகா வகுப்பில் எல்லாரையும் ஒரேபோல் குனிய வைக்கும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 கணக்குப்படி, முதியவர்களின் விழுக்காட்டில் கேரளத்துக்கு அடுத்த மாநிலம் தமிழ்நாடு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பெரும்பாலும் படுத்துவிட்டவர்களுக்குத்தான் அதைக் கேட்கிறோம். நடமாடும்போதே, விழுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்க வேண்டியது அது.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி குறுகலாகத்தான் இருக்கிறது. வலி அறவே போய்விடவில்லை. மாடி ஏறுகிறார், வாசலில் கோலம் போடுகிறார், தரையில் உட்கார்ந்து ஒரு கையை மட்டும் ஊன்றி எழுகிறார்.

மருத்துவர்களே, "தேஞ்சு போச்சு" என்ற சொல்லை நோயாளியின் காதில் போடாதீர்கள். மாத்திரைக்கு நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதுவதுபோல, எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது கூட்ட வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். பிள்ளைகளே, அடுத்த முறை அம்மா கீழே உட்கார்ந்து எழத் தடுமாறும்போது, ஓடிப்போய்த் தூக்கிவிட்டு நாற்காலி வாங்கப் போகாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களே எழுந்திருக்கட்டும்.